ஐரோப்பியக் குடும்பப் பெயரைப் பிரித்துப் படிக்கும் முறை

கேரள எல்லையை ஒட்டிய கம்பம் பள்ளத்தாக்கில் பென்னிகுயிக் என்ற பெயரை யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 1895-இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளரின் பெயரை இங்கே பிள்ளைகளுக்கும் சூட்டுகிறார்கள். அதன் பொருளைக் கேட்ட மாணவர்களிடம், "பென்னி என்றால் காசு, குயிக் என்றால் விரைவு" என்று நானே ஒருமுறை கூறியிருக்கிறேன். அது முழுத் தவறு.

ஒரு குடும்பப் பெயரை இன்றைய ஆங்கில ஒலியை வைத்து உடைக்கக் கூடாது. அந்தப் பெயரில் ஓர் ஊர் இருக்கிறதா என்பதையே முதலில் தேட வேண்டும். ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்குத் தெற்கே, ஏறக்குறைய இதே எழுத்துகளைக் கொண்டு 'பெனிகுக்' என ஒலிக்கும் ஊர் ஒன்று உண்டு. வெல்ஷ் மொழிக்கு நெருங்கிய உறவான பழைய மொழியில் 'பென்' என்பது தலை அல்லது குன்று, 'கோக்' என்பது குயில். ஆகவே நம் அணைக்காரர் குயிற்குன்றத்தூர்க்காரர். தமிழில் குயிக் என்று எழுதும்போது குயில் எட்டிப்பார்ப்பது வெறும் தற்செயல்தான்.

ஊர் கிடைக்காவிட்டால், பெயரின் மொழியை அடையாளம் கண்டு, முன்னொட்டையும் பின்னொட்டையும் கவனியுங்கள். 'டி' என்பது பிரெஞ்சில் 'இன்ன ஊரைச் சேர்ந்த' என்று பொருள்படும். குளச்சல் போரில் 1741-இல் சிறைப்பட்டுப் பின்னர் திருவிதாங்கூர்ப் படையை நடத்திய டிலனாய் இதற்குச் சான்று. உதயகிரிக் கோட்டையில் தமிழும் லத்தீனும் பொறித்த கல்லின் கீழ் அடக்கமாகியிருக்கும் அவருடைய பெயரில் உள்ள லனாய், பிரான்சின் லீல் நகருக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூர். ஆங்கிலத்தில் 'சன்', ஸ்காட்லாந்தில் 'மேக்', ஸ்பானிய மொழியில் 'எஸ்' ஆகியவை மகன் என்பதைக் குறிக்கும். ஐஸ்லாந்தில் இன்றும் தந்தை பெயரே தலைமுறைதோறும் மாறி வருவதால், அந்நாட்டு வழக்கம் நம் இனிஷியலுக்கு மிக நெருக்கமானது. எல்லைக்கு அப்பால் மலையாளிகள் சேர்த்துக்கொள்ளும் வீட்டுப்பெயரோ, தலைமுறைகள் கடந்தும் மாறாத குடும்பப் பெயரைப் போன்றது.

தொழிற்பெயர்கள் எளிதானவை. ஸ்மித், ஷ்மிட், ஃபெராரி, கோவாச் ஆகிய நான்கும் கொல்லரையே சுட்டும்.

பட்டப்பெயர்களில்தான் சுவை அதிகம். 1806-இல் மயிலாடிக்கு வந்த ஜெர்மானியப் பாதிரியார் ரிங்கல்தௌபேயின் பெயருக்கு ஜெர்மன் மொழியில் காட்டுப்புறா என்று பொருள். மயிலைப் பெயரில் வைத்திருக்கும் ஊருக்கு ஒரு புறா வந்து சேர்ந்திருக்கிறது. ஆயினும் அவருடைய முன்னோருக்கு அப்பெயர் எப்படி அமைந்தது என்பதைப் பெயரை மட்டும் பார்த்து முடிவுசெய்ய இயலாது. மூதாதையரின் திருமுழுக்குப் பதிவேடுகளில் பழைய எழுத்து வடிவங்களைப் பின்னோக்கித் தேடுவதே சரியான வழி.

நம் கடற்கரையில் இந்த முறையைக் கையாளும்போது கூடுதல் எச்சரிக்கை தேவை. பெர்னாண்டோ என்ற பெயரைக் கண்டதும் போர்ச்சுகீசிய வம்சம் என்று எழுதிவிடாதீர்கள்; 16-ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைப் பரதவர் திருமுழுக்குப் பெற்றபோது இத்தகைய பெயர்களை ஏற்றுக்கொண்டனர். ஆகவே அப்பெயர் எந்த மொழியிலிருந்து வந்தது என்பதையும், அதைத் தாங்கும் குடும்பம் எங்கிருந்து வந்தது என்பதையும் தனித்தனியாகவே குறித்துவைக்க வேண்டும்.