ராக் கச்சேரி விமர்சனம்: எங்கே நிற்பது, எதைக் குறிப்பது

விமர்சனம் எழுதுபவருக்கு முன்வரிசை ஆகாது. அங்கே டிரம்ஸும் கிட்டார் ஆம்ப்பும்தான் காதை நிறைக்கும்; பாடகரின் குரல் அமுங்கிவிடும். சவுண்ட் மிக்சருக்குப் பக்கத்தில் நில்லுங்கள், ஒலிப்பொறியாளர் கேட்பதே உங்களுக்கும் கேட்கும். சிங்கப்பூர் இன்டோர் ஸ்டேடியம் மாதிரி பெரிய அரங்கில் மேல்வரிசையில் உட்கார்ந்தால் எதிரொலியில் பேஸ் கிட்டாரின் தாழ்ந்த ஒலி குழம்பலாம். அதைக் குழுவின் தலையில் கட்டாதீர்கள்.

காதைக் காக்கப் போடும் நுரைக் காதடைப்பான், டிரம்ஸோடு இருக்கும் சிம்பல் தட்டுகளின் ஒலியை மங்கடித்துவிடும். இசைக்கலைஞர்கள் போடும் வகையை வாங்குங்கள்.

பாடல் வரிசையைப் போனில் குறிக்கலாம், திரை வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு. பெயர் தெரியாத பாட்டா? கோரஸில், அதாவது திரும்பத் திரும்ப வரும் வரிகளில், காதில் விழுந்த நாலு சொல் போதும், வீட்டில் தேடிக்கொள்ளலாம்.

அதே குழுவின் அடுத்த நிகழ்ச்சிக்குக் கோலாலம்பூர் வரை போனால் இரண்டு பாடல் வரிசைகளையும் ஒப்பிடுங்கள். 'உங்களைப் போல ரசிகர்கள் எங்கும் இல்லை' என்று மேடையில் பாடகர் சொல்வது அங்கேயும் வரும்!

என்கோர், அதாவது கச்சேரி முடிந்தபின் ரசிகர்களுக்காகத் திரும்ப வந்து பாடுவது, நீண்டால் கடைசி எம்ஆர்டி ரயில் போய்விடும். நேரத்தை முன்பே பார்த்துவையுங்கள்.