கப்பல் புறப்பட முன் மட்டக்களப்பு: முதல்முறை வருகிறவர்களுக்கு

இரண்டு வருடத்துக்கு முன் லண்டன் மாமாவும் மாமியும் உல்லாசக் கப்பலில் திருகோணமலைக்கு வந்தார்கள். முதல் நாள் இரவு மாமா போனில் சொன்னார்: “மருமகன், காலையில எட்டு மணிக்குக் கப்பல் வருதாம். பின்னேரம் அஞ்சு மணிக்குள்ள திரும்பி ஏறணுமாம். ஒன்பது மணித்தியாலம் கிடக்கு, மட்டக்களப்புக்கு ஒருக்கா வந்திட்டுப் போறம்.”

நானும் யோசிக்காமல் சரி என்றேன். அவர்கள் கப்பலை விட்டு இறங்கவே ஒன்பது மணி. வழியில் இளநீர் குடிக்க இறங்கி, வாகரையில் கடல் பார்க்க இறங்கி, வீட்டு வாசலுக்கு வரும்போது பன்னிரண்டு தாண்டிவிட்டது. அம்மா அதிகாலையிலேயே நண்டும் இறாலும் வாங்கி வைத்திருந்தா. “என்ன தம்பி, இவ்வளவு தூரம் வந்து ஒரு வாய் சோறு தின்னாம போறதா?” என்று தொடங்கிய சாப்பாடு இரண்டு மணிக்குத்தான் முடிந்தது. முப்பது வருடம் கழித்து ஊருக்கு வந்த மாமா கல்லடிப் பாலத்தைப் பார்க்கவேயில்லை. துறைமுக வாசலில் வான் நிற்கும்போது நேரம் 4.50.

மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்தார் சொல்வது மந்திரத்தை நினைத்து. ஒட்ட வைப்பது சோறு என்பது எங்களுக்குத் தெரியும். அந்த நாளின் பிழைகளில் இருந்துதான் கீழே உள்ள படிகளை எழுதுகிறேன். இரவு ரயிலில் வந்து மத்தியானம் திரும்புகிறவர்களும் இரண்டாம் படியை விட்டுவிட்டு இதையே பின்பற்றலாம்.

படி 1: கப்பல் எங்கே நிற்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மட்டக்களப்புக்குப் பெரிய கப்பல் வராது. வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் மணல் திட்டு கிடக்கிறது. அந்தக் காலத்துக் கப்பல்களும் வெளியே கடலில்தான் நங்கூரம் போட்டன. ஊருக்குள் இன்றைக்கும் ‘பார் றோட்’ என்று ஒரு வீதி இருக்கிறது. வெளியூர்ப் பொடியன்மார் பெயரைக் கேட்டதும் சந்தோசப்படுவார்கள். அந்தப் ‘பார்’ மதுச்சாலை இல்லை, கடல்வாயில் கிடக்கும் மணல் திட்டுக்கு ஆங்கிலேயர் சொன்ன பெயர். அம்பாறைப் பக்கம் ஒலுவிலில் 2013இல் ஒரு துறைமுகம் திறந்தார்கள். அதன் வாயையும் மணல் மூடிவிட்டது. இந்தக் கரையில் மணல்தான் துறைமுக அதிபர்.

ஆகவே கிழக்கில் உங்கள் கப்பல் நிற்கும் இடம் திருகோணமலை. 2023இல் சென்னையில் இருந்து வந்த உல்லாசக் கப்பல்கூட அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்றுதான் சுற்றியது.

படி 2: கணக்கைக் கடைசியில் இருந்து போடுங்கள்

மாமா செய்த பிழை இதுதான். எட்டில் இருந்து ஐந்துவரை ஒன்பது என்று முன்னால் இருந்து எண்ணினார். நீங்கள் பின்னால் இருந்து எண்ணுங்கள்.

கப்பல் புறப்படும் நேரம் வேறு, எல்லோரும் ஏறி முடிய வேண்டிய நேரம் வேறு. இரண்டாவதுதான் உங்களுக்கு வேண்டியது. அது புறப்பட அரை மணித்தியாலமோ ஒரு மணித்தியாலமோ முந்தி இருக்கும். முதல் நாள் இரவு அறைக்குக் கொடுக்கும் தாளில் அச்சிட்டிருப்பார்கள். ஒரு உதாரணம்: கப்பல் காலை 7க்குக் கட்டுகிறது, பின்னேரம் 5.30க்குள் ஏறிவிட வேண்டும் என்று வைப்போம்.

5.30இல் இருந்து ஒன்றேகால் மணித்தியாலத்தைக் கழித்துவிடுங்கள். அது டயர் காற்றுப் போவதற்கு, மாடு குறுக்கே படுத்திருப்பதற்கு, துறைமுக வாசலில் வரிசையில் நிற்பதற்கு. மிச்சம் 4.15. மட்டக்களப்பில் இருந்து திருகோணமலைக்கு ஏ15 வீதியால் ஏறத்தாழ 130 கிலோமீற்றர். இடையில் நிற்காமல் ஓடினால் இரண்டே முக்கால் மணித்தியாலம். ஆகவே ஊரை விட்டு வெளிக்கிட வேண்டிய நேரம் 1.30.

இப்போது முன்னால் வாருங்கள். 7க்குக் கட்டினாலும் அதிகாரிகளின் அனுமதி கிடைத்துத்தான் இறங்க விடுவார்கள். 8 என்று எடுத்தால், ஊருக்கு வந்து சேர 10.45. கையில் இருப்பது இரண்டே முக்கால் மணித்தியாலம்.

கப்பல் துறையில் கட்டாமல் நடுவில் நங்கூரம் போட்டால், சிறு படகில் கரைக்கு வர இரண்டு பக்கமும் அரை மணித்தியாலம் கூட்டிக்கொள்ளுங்கள். அப்படிக் கூட்டும்போது ஊருக்குள் இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைந்தால் தயவுசெய்து வராதீர்கள். திருகோணமலையிலேயே கோணேசர் கோயில், பிரட்றிக் கோட்டை, கன்னியா வெந்நீர் ஊற்று இருக்கின்றன. எங்கள் ஊருக்காரன் இதைச் சொல்லக்கூடாது, ஆனாலும் சொல்கிறேன்.

கார்த்திகை, மார்கழி மழை நாட்களில் வெருகல் பக்கம் வெள்ளம் வீதிக்கு ஏறும். அந்த மாதங்களிலும் இந்தப் பயணம் வேண்டாம்.

படி 3: வாகனம்

கப்பல்காரர் நடத்தும் சுற்றுலாவில் போய்ச் சுணங்கினால் கப்பல் காத்து நிற்கும். நீங்களாக வான் பிடித்துப் போய்ச் சுணங்கினால் நிற்காது, அடுத்த துறைக்கு உங்கள் செலவில் ஓட வேண்டியதுதான். அதற்காகப் பயப்படாதீர்கள், வானை மட்டும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். துறைமுக வாசலில் இறங்கி நின்று விலை பேசினால் காசும் போகும், அரை மணித்தியாலமும் போகும்.

பேசும்போது மூன்று விசயம். போக, வர இரண்டுக்கும் சேர்த்து ஒரே விலையா? ஊருக்குள் சுற்றுவதும் அதற்குள்தானா? மறுகா, 1.30க்கு யார் என்ன சொன்னாலும் வண்டியை எடுப்பாரா? இந்த மூன்றாவதை சாரதியிடம் அழுத்திச் சொல்லுங்கள். மாமாவின் சாரதி நல்ல மனிதன். அம்மா பரிமாறியதும் அவரும் பந்தியில் குந்திவிட்டார்.

கையில் இருக்க வேண்டியவை: கப்பல் அட்டை, துறைமுகத்தில் தரும் அனுமதித் தாள் இருந்தால் அது, சில்லறையாக இலங்கை ரூபாய், தண்ணீர், தொப்பி அல்லது குடை. கப்பல் முகவரின் தொலைபேசி எண் அந்த இரவுத் தாளில் இருக்கும், அதைப் போனில் படம் எடுங்கள். கப்பல் நேரமும் ஊர் நேரமும் ஒன்றுதானா என்று இறங்க முன் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் இருந்து வருகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, இரண்டு நாட்டுக்கும் ஒரே மணிக்கூடு. கிழக்கில் இருந்தோ மேற்கில் இருந்தோ வரும் கப்பல் தன் கடிகாரத்தை மாற்றாமலே நிற்கலாம்.

படி 4: புளியந்தீவு (45 நிமிடம்)

ஊரின் பழைய நடு, வாவிக்குள் கிடக்கும் ஒரு தீவு. வானைக் கோட்டைக்கு விடச் சொல்லுங்கள். போர்த்துக்கேயர் 1628இல் கட்டியது. பத்தே வருடத்தில், 1638இல், கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனோடு கூட்டுச் சேர்ந்து ஒல்லாந்தர் பிடித்தார்கள். இலங்கையில் போர்த்துக்கேயரிடம் இருந்து ஒல்லாந்தர் கைக்குப் போன முதல் கோட்டை இது. இரண்டு பக்கம் வாவி, மற்றப் பக்கம் அகழி. ஒல்லாந்தக் கம்பனியின் சின்னம் இன்னும் இருக்கிறது. காலி கோட்டையை நினைத்துக்கொண்டு வந்தால் இது சின்னதாகத் தெரியும். நீண்ட காலம் கச்சேரி, அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகம், இயங்கிய இடம், பிறப்புச் சான்றிதழுக்கு வரிசையில் நின்ற இடமாகத்தான் எங்களுக்கு அது மனதில் இருக்கிறது. வாசலில் நிற்பவரிடம் பார்க்க வந்தோம் என்று சொல்லிவிட்டு உள்ளே போங்கள். மதிலில் ஏறி வாவியைப் பாருங்கள், பீரங்கியோடு ஒரு படம் எடுங்கள். இருபது நிமிடம் போதும்.

மிச்ச நேரத்துக்கு வானை அனுப்பிவிட்டு நடவுங்கள். இந்தத் தீவு நடக்கிறவருக்கு ஏற்ற அளவு. 1814இல் வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த பாதிரியார் தொடங்கிய மத்திய கல்லூரி, புனித மரியாள் பேராலயம், 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரி என்று பக்கம் பக்கமாக வரும். ஓல்ட் வந்து ஒரு வருடத்துக்குள் இங்கேயே இறந்துபோனார், விதைத்த பள்ளிக்கூடம் இருநூறு வருடம் தாண்டிவிட்டது. எந்தத் தெருவில் திரும்பினாலும் அதன் முனையில் தண்ணீர் தெரியும். அதற்காகத்தான் நடக்கச் சொல்கிறேன்.

படி 5: கல்லடிப் பாலம் (30 நிமிடம்)

ஒன்றே ஒன்றுதான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் பாருங்கள். பழைய இரும்புப் பாலம் 1924இல் திறந்தது, ஆளுநரின் மனைவி பெயரில் லேடி மனிங் பாலம். அதன் ஒடுக்கத்தில் ஒரு பஸ் வந்தால் எதிர்ப் பக்கம் எல்லோரும் காத்து நிற்போம். 2013இல் பக்கத்திலேயே அகலமான புதுப் பாலம் வந்தது. பழையதை உடைக்காமல் விட்டது பெரிய புண்ணியம். ஓரமாக நின்று கீழே பாருங்கள். வீச்சு வலையோடு தோணியில் யாராவது நிற்பார்கள். சுமார் 56 கிலோமீற்றர் நீளத்துக்கு, கல்முனைப் பக்கம் வரைக்கும் இழுபட்டுக் கிடக்கும் வாவியின் ஒரு துண்டுதான் உங்கள் காலடியில் இருப்பது.

‘மீன் பாடும் தேன்நாடு’ என்று கேள்விப்பட்டு வருகிறவர்கள் இங்கேதான் காதைத் தீட்டுவார்கள். மத்தியானத்தில் கேட்காது. சித்திரையில் இருந்து புரட்டாதி வரைக்குமான மாதங்களில், நிலவு நாளில், ஊர் அடங்கிய பிறகு தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறு முனையைக் காதில் வைக்க வேண்டும். பாடுவது மீனா, ஊரியா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. பழைய மீனவர்கள் ஊரி என்பார்கள், அதாவது சிப்பி, சங்கு இனத்தில் சிறியது. அப்போது இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1848இல் இங்கே வந்து தோணியில் இருந்து கேட்டு எழுதி வைத்திருக்கிறார். யாராவது பகலில் உங்களைப் படகில் ஏற்றிப் பாட்டுக் கேட்க வைக்கிறேன் என்றால், காசைப் பையிலேயே வைத்திருங்கள்.

பாலத்தைத் தாண்டிக் கல்லடி உப்போடையில் சுவாமி விபுலாநந்தரின் சமாதி இருக்கிறது. 1892இல் காரைதீவில் பிறந்து, 1947இல் மறைந்த தமிழறிஞர். தமிழ் படித்தவர் என்றால் இரண்டு நிமிடம் இறங்கி நில்லுங்கள். அதற்கு அப்பால் கடற்கரை. 2004 ஆழிப்பேரலையில் சாய்ந்த முருகன் கோயில் கோபுரமும் அந்தக் கரையில்தான். அங்கே படம் எடுக்கிறபோது சத்தம் போட்டுச் சிரிக்காதீர்கள், பக்கத்து வீடுகளில் ஆட்களை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

படி 6: பார் றோட்டால் வெளிச்சவீட்டுக்கு (45 நிமிடம்)

வாவியை ஒட்டிக்கொண்டு பாலமீன்மடு வரை போகும் வீதி. முடிவில் 1913இல் கட்டிய வெளிச்சவீடு, 28 மீற்றர் உயரம். அதைவிட அங்கே நல்லது சுற்றியிருக்கும் கண்டல் காடும் தண்ணீரும். படகு விடுகிறவர்கள் நிற்பார்கள். ஏற முன் எத்தனை நிமிடம், தலைக்கு எவ்வளவு என்று பேசி, மிதவை அங்கி போட்டுக்கொண்டு ஏறுங்கள். இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முதலாம் படியில் சொன்ன மணல் திட்டு எப்படிக் கப்பலை வெளியே நிறுத்தியது என்று அங்கே நின்றால் விளங்கும்.

போகிற வழியில் அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயில். ஆடி அமாவாசைக்கு அந்தத் தீர்த்தக்குளத்தில் கால் வைக்க இடம் இராது. மற்ற நாளில் அமைதி. மத்தியானம் நடை சாத்தியிருக்கலாம், குளத்தைச் சுற்றிவிட்டு வாருங்கள்.

பாசிக்குடாவையும் இதற்குள் செருகலாமா என்று கட்டாயம் கேட்பீர்கள். வாழைச்சேனைப் பக்கம், நீங்கள் திரும்பிப் போகிற வழியில் இருந்து கொஞ்சம் உள்ளே. இடுப்பளவு தண்ணீரில் நெடுந்தூரம் நடக்கலாம், அழகுதான். குளித்து உடுப்பு மாற்ற ஒரு மணித்தியாலம் போகும். அந்த ஒரு மணித்தியாலம் உங்களிடம் இல்லை.

படி 7: சாப்பாடு (35 நிமிடம், அதற்கு மேல் ஒரு நிமிடமும் இல்லை)

சொந்தக்காரர் இருந்தால் வருவதாக முன்கூட்டிச் சொல்லாதீர்கள். சொன்னால் என்ன நடக்கும் என்று மேலே எழுதிவிட்டேன். சொல்லாமல் போனது தெரிந்தால் ஒரு வருடம் கதைக்க மாட்டார்கள் என்பதும் உண்மை. இதற்கு நடுவழி ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன்: அவர்களைப் பாலத்தடிக்கு வரச் சொல்லுங்கள். நின்று கொண்டே கதைக்கலாம், பாய் விரிக்க அங்கே இடமில்லை.

கடையில் சாப்பிட்டால் சோறும் கறியும் கேளுங்கள், பத்து நிமிடத்தில் வந்துவிடும். நண்டு ஓடர் பண்ணாதீர்கள். சமைக்கவும் நேரம், உடைத்துத் தின்னவும் நேரம். இறாலோ கணவாயோ போதும். முடிவில் எருமைத் தயிர், மேலே சீனியோ பாணியோ. கொச்சிக்காய் தாங்காதவர்கள் முதலிலேயே உறைப்புக் குறைக்கச் சொல்லுங்கள். அவர்கள் குறைத்தது உங்களுக்குக் காணாது, அதற்குத்தான் தயிர்.

வாங்கிப் போக நினைத்தால் மருதமுனைக் கைத்தறிச் சாரனோ சாரியோ வாங்குங்கள், மடித்துப் பைக்குள் வைக்கலாம். சாப்பாட்டுச் சாமான் வேண்டாம். வெளியில் இருந்து சமைத்ததையும் பாலில் செய்ததையும் பெரும்பாலான கப்பல்களில் ஏற்ற விடமாட்டார்கள்.

மாமிக்கு இது தெரியாது. அம்மா கொடுத்த தயிர்ச்சட்டியை மடியில் வைத்து 130 கிலோமீற்றர் சிந்தாமல் கொண்டு போயிருக்கிறா. ஏணிப்படி வாசலில் பரிசோதித்தவர் கையை விரித்துவிட்டார். கப்பல் புறப்பட நேரமானதால் மாமி சட்டியைச் சாரதியிடமே கொடுத்து, “அக்காட்டக் குடுங்க” என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டா. அடுத்த நாள் காலை அவர் வீட்டுக்கு வந்து சட்டியைத் திருப்பித் தந்தார். நன்றாகக் கழுவித் துடைத்திருந்தது.