ஏதென்ஸ் பானையின் கறுப்பு: குழம்பு முதல் சூளை வரை

கி.மு. 6, 5ஆம் நூற்றாண்டுகளின் ஏதென்ஸ் பானைகளில் மின்னும் கறுப்பை வண்ணப்பூச்சு என்றே பலரும் எண்ணுகிறார்கள். பானையைப் போல அதுவும் களிமண்தான். தண்ணீரில் கரைத்துத் தெளியவைத்து, மிக நுண்ணிய துகளை மட்டும் பிரித்தெடுத்த குழம்பு அது. அதைக் கறுப்பாக்குவது சூளைக்குள் காற்றை விடுவதும் அடைப்பதும்தான். தூரிகைத் திறன் எவ்வளவு இருந்தாலும், இந்த இரண்டும் கூடிவராவிட்டால் பானை செங்கல் நிறத்திலேயே வெளியே வரும்.

இதைச் செய்துபார்க்க முதலில் மண். பானைக்குச் சுட்டால் சிவக்கும் மண் வேண்டும். உருவங்களைக் கறுப்பாகத் தீட்டும் கறுப்பு உருவ முறை கி.மு. 700 வாக்கில் கொரிந்து என்ற கிரேக்க நகரில் பிறந்தது. ஆனால் அந்த ஊர் மண் வெளிறிய மஞ்சளாகவே சுடும். ஏதென்ஸ் மண்ணில் இரும்பு அதிகம், அதனால்தான் அந்த ஆழ்ந்த செம்மை. குழம்புக்கு இரும்பு மிகுந்த, சுண்ணாம்பு குறைந்த, இல்லைட் வகைக் களிமண் சிறந்தது. இல்லைட்டில் உள்ள பொட்டாசியம், துகள்கள் குறைந்த சூட்டிலேயே உருகி ஒட்ட உதவுகிறது.

குழம்பு தயாரிக்க, ஒரு கிலோ உலர்ந்த மண்ணுக்கு 2 லிட்டர் மழைநீர் அல்லது காய்ச்சி வடித்த நீர், 5 கிராம் சோடியம் ஹெக்ஸாமெட்டாபாஸ்பேட் (மண்துகள்கள் ஒட்டாமல் பிரிந்து மிதக்க உதவும் உப்பு). உப்பைச் சிறிது வெந்நீரில் தனியே கரைத்து நீரில் சேர்த்து, பிறகு மண்ணைப் போட்டுக் கலக்குங்கள். 48 மணி நேரம் பாத்திரத்தை அசைக்கவே கூடாது. மேலே தெளிநீர், நடுவில் குழம்பு, அடியில் வண்டல் என்று பிரிந்து நிற்கும். தெளிநீரை நீக்கிவிட்டு, நடுவில் உள்ளதை மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுங்கள். பாத்திரத்தைச் சாய்த்து ஊற்றினால் வண்டல் கலந்துவிடும், உழைப்பு வீண். எடுத்ததை அகன்ற தட்டில் பரப்பி, தூரிகையிலிருந்து மெதுவாக ஒழுகும் அளவு கெட்டியாகும்வரை வற்றவிடுங்கள். ஒரு துளியைக் காயவைத்து விரலால் தேய்த்தால் பளபளக்க வேண்டும். மண்துகள் நெருடினால் இன்னொரு முறை தெளியவையுங்கள்.

பானை பாதி காய்ந்து, தோல் போல விறைத்திருக்கும்போது கூழாங்கல்லால் மெருகேற்றி, மழுங்கிய குச்சியால் உருவத்தைக் கீறிக்கொள்ளுங்கள். பழம்பானைகள் பலவற்றில் இந்த முன்கீறல் இன்றும் தெரிகிறது. கறுப்பு உருவ முறையில் உருவத்தைக் குழம்பால் நிரப்பி, அதன் ஈரப் பளபளப்பு மறைந்ததும் கூர்முனையால் கண், முடி, ஆடை மடிப்புகளைச் செதுக்க வேண்டும். வத்திக்கானில் உள்ள, ஏதென்ஸ் ஓவியர் எக்ஸேகியாஸின் ஜாடியில், பலகை விளையாட்டு ஆடும் கிரேக்க வீரர்கள் அக்கிலீஸ், அயாக்ஸ் இருவரின் மேலாடைகளைப் பாருங்கள். இந்தக் கீறல் எவ்வளவு நுணுக்கமாகப் போகலாம் என்பது புரியும். பெண்களின் மேனிக்கு வெண்களிமண், தாடிக்கும் ஆடைக்கும் செங்காவி.

கி.மு. 520 வாக்கில் வந்த சிவப்பு உருவ முறை இதற்கு நேர் தலைகீழ்: உருவம் சிவப்பு, பின்னணி கறுப்பு. உருவத்தின் வெளிவிளிம்பில் சுமார் 3 மி.மீ. பட்டையை முதலில் போட்டுவிட்டுப் பின்னணியை நிரப்புங்கள். உள்கோடுகளுக்குக் கெட்டிக் குழம்பு. தசைக்கும் மெல்லிய முடிக்கும் நீர்த்த குழம்பு, அது சுட்டபின் தேன் நிறமாகும். குழம்பு மெலிந்தால் கறுப்பு பழுப்பாகும், தடித்தால் உரிந்து விழும்.

இனி சூளை. விறகு அல்லது எரிவாயுச் சூளை வேண்டும். மின்சூளையில் புகையடைத்தால் கம்பிச்சுருள் கெட்டுவிடும். திறந்த வெளியில், காற்று வரும் திசையில் நின்று சுடுங்கள். காற்றை அடைத்துச் சுடும் இரண்டாம் கட்டத்தில் கார்பன் மோனாக்சைடு வெளிவரும், அதற்கு மணம் கிடையாது, உயிரைக் குடிக்கும்.

நன்றாக உலர்ந்த பானையை ஒன்றோடொன்று தொடாமல் அடுக்குங்கள். காற்று தாராளமாக ஓட 800 டிகிரி செல்சியஸ்வரை மெல்ல ஏற்றினால் எல்லாமே சிவப்பாக இருக்கும். பிறகு காற்றுவழிகளை அடைத்து, பச்சை விறகோ ஈர மரத்தூளோ இட்டு 945 டிகிரிவரை கொண்டுபோய் அரை மணி நேரம் வையுங்கள். புகை இரும்பின் ஆக்சிஜனைப் பறிக்க, ஹேமடைட் என்ற சிவப்பு இரும்பு ஆக்சைடு, மேக்னடைட் என்ற கறுப்பு ஆக்சைடாகி, எல்லாமே கறுக்கும். அதோடு குழம்பு மட்டும் உருகிக் கண்ணாடி போல் இறுகும். 900 டிகிரிக்கு இறங்கியதும் காற்றைத் திறந்து, 875 அளவில் இன்னொரு அரை மணி. நுண்துளை உள்ள உடல் ஆக்சிஜனை உறிஞ்சி மீண்டும் சிவக்கும். இறுகிய குழம்புக்குள் காற்று புகாது, ஆகவே கறுப்பு நிலைக்கும். 1942இல் ஜெர்மன் வேதியியலாளர் தியோடோர் ஷூமான் விளக்கியது இந்தச் சூட்சுமத்தைத்தான்.

நேரத்தை மட்டும் நம்பாதீர்கள். குழம்பு தடவி, துளையிட்ட ஓட்டுத்துண்டுகளைப் பார்வைத் துளைக்கு அருகே வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் இரும்புக் கொக்கியால் ஒன்றை எடுத்துப் பாருங்கள். இத்தகைய சோதனைத் துண்டுகள் ஏதென்ஸிலேயே கிடைத்துள்ளன.

கறுப்பில் சிவப்புத் திட்டு இருந்தால் அங்கே சூடோ புகையோ போதவில்லை, அல்லது பக்கத்துப் பானை தொட்டிருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பழங்காலக் கிண்ணங்களின் உட்தரையில் காணும் சிவப்பு வளையம் அப்படி வந்ததுதான். உடலும் கறுப்பாகவே நின்றால் சூடு மிஞ்சி அதுவும் இறுகிவிட்டது, இனித் திருத்த முடியாது. உடல் சாம்பல் நிறமாக மட்டும் வந்தால் கடைசிக் கட்டம் போதவில்லை. காற்றைத் திறந்தே 850 டிகிரிக்கு மறுபடி சுடுங்கள். குழம்பு நன்றாக இறுகியிருந்தால் கறுப்பு மாறாமல், உடல் மட்டும் சிவக்கும்.