பழைய வீட்டைக் கொடுத்துப் புதிய வீடு வாங்கும்போது

பிரிட்டனில் வீடு கட்டி விற்கும் நிறுவனங்கள் பல, உங்கள் பழைய வீட்டைத் தாங்களே வாங்கிக்கொண்டு, அதன் மதிப்பைப் புதிய வீட்டின் விலையில் கழித்துக்கொள்கின்றன. தரகுச் செலவும், வாங்க வந்தவர் கடைசி நேரத்தில் பின்வாங்கிவிடுவாரோ என்ற அச்சமும் இல்லை என்பது பெரிய நிம்மதிதான். ஆனால் அந்த வசதிக்காகப் பழைய வீட்டின் விலை சற்றுக் குறைத்தே மதிப்பிடப்படலாம்.

ஆகவே, நிறுவனத்தின் மதிப்பீடு வருவதற்கு முன்பே, உள்ளூர்த் தரகர்கள் இரண்டு மூன்று பேரிடம் தனியாக மதிப்புக் கேட்டு வையுங்கள். பழைய வீட்டைக் கொடுக்காமல் வாங்குபவருக்கு அதே புதிய வீட்டை என்ன விலைக்குத் தருவார்கள் என்பதையும் கட்டாயம் கேளுங்கள். பழைய வீட்டுக்கு நல்ல விலை தருவதாகச் சொல்லிவிட்டு, மற்றவர்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடியை உங்களுக்கு மறுத்தால், லாபம் போலத் தோன்றுவது நஷ்டமாக முடியும். கடைசியில் நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை எவ்வளவு என்பதையே ஒப்பிடுங்கள்.

இங்கிலாந்தில் முத்திரை வரி, நீங்கள் கையிலிருந்து கட்டும் அந்த வித்தியாசத் தொகைக்கு அல்ல, புதிய வீட்டின் முழு மதிப்புக்கே கணக்கிடப்படும். வழக்கறிஞரை நீங்களே தேர்ந்தெடுப்பது நல்லது.

சாவி வாங்கும் முன் ஒவ்வொரு கதவையும் சாத்திப் பார்த்து, சன்னல் ஓரங்களையும் குளியலறை ஓடுகளின் இடைவெளிகளையும் தடவிப் பார்த்து, குறைகளை எழுத்தில் கொடுங்கள்.