வெளியான மனச்சோர்வு ஆய்வில் நிதி விவரம் விடுபட்டுவிட்டதா? திருத்துவது இப்படி

திரும்பத் திரும்ப வரும் மனச்சோர்வுக்கு மருந்தைத் தொடர்வதா, நிறுத்துவதா என்று முடிவெடுக்க மருத்துவர்கள் நம்பியிருப்பது வெளியான ஆய்வுகளைத்தான். 2006 பிப்ரவரியில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஜாமா இதழில் ஒரு கட்டுரை வந்தது. கர்ப்ப காலத்தில் மருந்தை நிறுத்தியவர்களில் 68 சதவீதம் பேருக்கும், தொடர்ந்தவர்களில் 26 சதவீதம் பேருக்கும் மனச்சோர்வு திரும்பியது என்றது அது. கட்டுரையாளர்கள் பலருக்கு மருந்து நிறுவனங்களோடு இருந்த பணத் தொடர்பு அதில் சொல்லப்படவில்லை. ஜூலையில் திருத்தம் வந்தது. உங்கள் கட்டுரையிலும் இப்படி ஏதாவது விடுபட்டிருந்தால் செய்ய வேண்டியவை இவை.

படி 1: எது விடுபட்டது என்று பிரியுங்கள். ஆய்வுக்கு வந்த நிதி வேறு, ஆய்வாளர் வாங்கிய ஆலோசனைக் கட்டணமும் பங்குகளும் வேறு. மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழுவான ஐசிஎம்ஜேஇ-யின் படிவம் முதல் வகையைக் கால வரம்பின்றிக் கேட்கிறது. இரண்டாவதைக் கடந்த 36 மாதங்களுக்குக் கேட்கிறது. நிறுவனம் இலவசமாகத் தந்த மாத்திரைகளும் ஆதரவுதான்.

படி 2: நிதி ஒப்பந்தம், நிதி எண், மருத்துவச் சோதனைகளைப் பதியும் பொதுப் பதிவேட்டில் உள்ள விவரம் மூன்றையும் ஒப்பிடுங்கள். அப்புறம் இணைக் கட்டுரையாளர்கள் எல்லோரிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். ஒருவர் விடுபட்டிருந்தால் மற்றவர்களும் தங்கள் படிவத்தை மறுபடி பார்ப்பது நல்லது. அடுத்தடுத்து இரண்டு திருத்தம் வந்தால் நம்பிக்கை போய்விடும்.

படி 3: இதழாசிரியருக்கு எழுதுங்கள். பழைய வாசகம், புதிய வாசகம் இரண்டும் அப்படியே இருக்கட்டும்:

“‘நிதியுதவி ஏதுமில்லை’ என்று இருந்தது தவறு. ஆய்வு மருந்தை இன்ன நிறுவனம் வழங்கியது. ஆய்வு வடிவமைப்பிலும் தரவுப் பகுப்பாய்விலும் அந்நிறுவனத்துக்குப் பங்கில்லை.”

கடைசி வரி உண்மையாக இருந்தால் மட்டுமே எழுத வேண்டும். பங்கு இருந்தால் என்ன பங்கு என்று சொல்லுங்கள். ‘கவனக்குறைவால் விடுபட்டது’ என்று நிறுத்திக்கொள்ளும் திருத்தங்களால் வாசகருக்குப் பயனில்லை. அவருக்கு வேண்டியது தரவு யார் கையில் இருந்தது என்பது. அந்தத் தொடர்பு முடிவுகளையே சந்தேகிக்க வைக்கும் அளவுக்குப் பெரிதானால், இதழ் கட்டுரையைத் திரும்பப் பெறவும் கூடும். அதற்குப் பயந்து தொகையையோ பங்கையோ குறைத்துச் சொல்லாதீர்கள்.

படி 4: திருத்தம் தனி அறிவிப்பாக வெளிவந்ததா என்று பாருங்கள். பிடிஎஃப் கோப்பைச் சத்தமில்லாமல் மாற்றினால் போதாது. பழைய பிரதியை இறக்கி வைத்தவருக்கு அது தெரியவே தெரியாது. மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட்டின் பக்கத்தில் மூலக் கட்டுரையோடு திருத்தம் இணைந்திருக்க வேண்டும். சில வாரங்களாகியும் இணையவில்லை என்றால் இதழுக்கு நினைவூட்டுங்கள். முன்பதிப்பு (இதழில் வருமுன் இணையத்தில் இட்ட பிரதி), பல்கலைக்கழகக் களஞ்சியம், சோதனைப் பதிவேடு ஆகியவற்றிலும் அதே வாசகத்தைச் சேருங்கள்.