ஸ்பா, சலூனுக்கு கிஃப்ட் சர்ட்டிஃபிகேட்: அச்சுக்குக் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை (அமெரிக்கா)

அன்னையர் தினத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எனக்கு போன் வர ஆரம்பிக்கும். "கிஃப்ட் சர்ட்டிஃபிகேட் டிசைன் ரெடி, பிரிண்ட்டுக்குக் கொடுத்துடவா?" ஒருவர் முன்பே காசு கட்டி வாங்கி, இன்னொருவருக்குப் பரிசாகக் கொடுக்கும் சீட்டு அது. கலிஃபோர்னியாவில் சின்னச் சின்ன சலூன்களுக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. கொஞ்சம் பொறுங்கள், முதலில் எனக்கு அனுப்புங்கள் என்பேன். வரும். ரோஜாப்பூ, தங்க நிற பார்டர், கடையின் பெயர் அழகான வளைவெழுத்தில். கீழே மூலையில், கண்ணைச் சுருக்கினால்தான் தெரியும் எழுத்தில், "ஆறு மாதத்துக்குள் பயன்படுத்தவும்." வம்பு அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

பார்லரோ, மசாஜ் ஸ்பாவோ, புருவம் திருத்தும் சின்னக் கடையோ, புதிதாகத் தொடங்கியவர்களுக்காக இதை வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: நாடு முழுவதற்குமான சட்டம்

2009-இல் வந்த கிரெடிட் கார்டு சட்டத்தோடு கிஃப்ட் கார்டுக்கும் விதிகள் வந்தன. 2010 ஆகஸ்ட் 22 முதல் அமலில் இருக்கின்றன. அதன்படி, விற்ற நாளிலிருந்து குறைந்தது 5 வருடம் அந்தப் பணம் செல்லுபடியாக இருக்க வேண்டும். பயன்படுத்தாமல் கிடக்கிறது என்று கட்டணம் பிடிப்பதென்றால், முழுதாக 12 மாதம் யாரும் அதைத் தொடாமல் இருந்திருக்க வேண்டும்; அப்போதும் மாதம் ஒரு கட்டணம்தான், அதையும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

வெறும் காகிதத்தில் மட்டும் கொடுக்கும் சர்ட்டிஃபிகேட்டுக்கு இந்த மத்திய விதி பொருந்தாது. "அப்போ நம்ம கடைக்கு இல்லை" என்று நிம்மதியாகிவிட வேண்டாம். மின்னஞ்சலில் அனுப்பி வாடிக்கையாளர் அச்செடுத்துக்கொள்வது காகிதக் கணக்கில் வராது. அதோடு, மாநிலச் சட்டம் தனியாக உட்கார்ந்திருக்கிறது.

படி 2: உங்கள் மாநிலத்துக்கு வாருங்கள்

மத்தியச் சட்டம் தரை மாதிரி. மாநிலங்கள் அதற்கு மேல் கட்டிக்கொள்ளலாம், கட்டியும் இருக்கின்றன. கலிஃபோர்னியாவில் காசு கொடுத்து வாங்கிய சர்ட்டிஃபிகேட்டுக்குக் காலாவதித் தேதியே போடக் கூடாது, விதிவிலக்குகள் சிலதான். நியூயார்க்கில் 2022 டிசம்பர் 10-க்குப் பிறகு விற்றவற்றுக்குக் குறைந்தது 9 வருடம். மாசசூசெட்ஸில் 7 வருடம். வேறு மாநிலம் என்றால் அந்த மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பக்கத்தைப் பாருங்கள், பத்து நிமிட வேலை. பக்கத்துக் கடைக்காரர் என்ன போட்டிருக்கிறார் என்று பார்த்துப் போடாதீர்கள். அவரும் யாரையாவது பார்த்துத்தான் போட்டிருப்பார்.

படி 3: சேவையின் பெயரா, டாலர் தொகையா?

இங்கேதான் ஸ்பாக்காரர்களுக்கென்றே ஒரு விஷயம் இருக்கிறது. மத்திய விதிகளின் விளக்கக் குறிப்பிலேயே ஸ்பாவை உதாரணமாகக் காட்டியிருக்கிறார்கள். "ஒரு ஃபேஷியல்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், அது குறிப்பிட்ட தொகைக்கான சர்ட்டிஃபிகேட் இல்லை. பொதுவாக அந்த விதிக்குள் வராது. அதே தாளில் "50 டாலர் மதிப்பு" என்று ஒரு வார்த்தை சேர்த்தால் உள்ளே வந்துவிடும். "50 டாலர் வரையிலான ஸ்பா சிகிச்சை" என்று எழுதினாலும் அப்படித்தான்.

இதைக் கேட்டதும் சிலருக்குக் கண் மின்னும். தொகையை எடுத்துவிட்டால் தேதி போட்டுக்கொள்ளலாமே! கலிஃபோர்னியாவில் நான் அந்தத் துணிச்சலுக்குப் போகமாட்டேன். மாநிலச் சட்டம் அதை எப்படிப் பார்க்கும் என்று வக்கீலிடம் கேட்காமல் யாரும் போக வேண்டாம். சட்டத்தை விடுங்கள், வியாபாரமாகவே யோசியுங்கள். இன்று 90 நிமிட மசாஜ் 120 டாலர் என்று வைத்துக்கொள்வோம். சர்ட்டிஃபிகேட்டில் "90 நிமிட மசாஜ்" என்று எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். நாலு வருடம் கழித்து ஒருவர் அதை எடுத்துக்கொண்டு வருகிறார். அப்போது விலை 165. மீதி 45 யார் தருவது? அவர் நியாயமும் நியாயம்தான்: எழுதிக் கொடுத்தது 90 நிமிடம். "120 டாலர்" என்று எழுதியிருந்தால் பேச்சே இல்லை, 120-ஐக் கழித்துக்கொண்டு மீதியை வாங்கிக்கொள்ளலாம்.

அதனால் நான் சொல்வது: தொகையை மட்டும் எழுதுங்கள். கூடவே ஒரு வரிசை எண், விற்ற தேதி, கடையின் பெயர், தொலைபேசி. போதும்.

படி 4: "100-க்கு வாங்கினால் 20 இலவசம்"

செய்யலாம், ஆனால் 120 என்று ஒரே தாளில் அடிக்காதீர்கள். இரண்டு தாளாகக் கொடுங்கள். 100 டாலர் வாடிக்கையாளரின் பணம். கலிஃபோர்னியாவில் அதற்குக் காலாவதி இல்லை. 20 டாலர் நீங்கள் காசு வாங்காமல் கொடுப்பது. அதற்குத் தேதி வைக்கலாம். கலிஃபோர்னியாவில் அந்தத் தேதியை முன்பக்கத்தில், பெரிய எழுத்துகளில் (அதாவது ஆங்கிலக் கேப்பிடல் எழுத்தில்), குறைந்தது 10 பாயின்ட் அளவில் அச்சிட வேண்டும். மத்தியச் சட்டத்தின் 5 வருட விதியிலிருந்து அந்த 20 டாலர் தாளுக்கு விலக்கு வேண்டுமென்றால், இது விளம்பரத்துக்காகத் தருவது என்பதும் தாளிலேயே இருக்க வேண்டும். மூலையில் ஒளித்துவைக்கிற பொடி எழுத்து இங்கே உதவாது.

படி 5: சில்லறை பாக்கி

100 டாலர் சர்ட்டிஃபிகேட், 88 டாலருக்கு ஃபேஷியல். மீதி 12. வாடிக்கையாளர் காசாகக் கேட்டால்?

கலிஃபோர்னியாவில் 2026 ஏப்ரல் 1 முதல் மீதி 15 டாலருக்குக் குறைவாக இருந்தால் காசாகக் கொடுத்தாக வேண்டும். ரொக்கமாகவோ செக்காகவோ தரலாம். அதற்கு முன் அந்த எல்லை 10 டாலர், அதாவது இதே 12 டாலரை மறுத்திருக்க முடியும். நியூயார்க்கிலும் வாஷிங்டன் மாநிலத்திலும் 5 டாலருக்குக் குறைந்தால் காசு, டெக்சாஸில் 2.50-க்குக் குறைந்தால். மாசசூசெட்ஸ் வேறு மாதிரி: 90 சதவீதம் செலவழித்துவிட்டால் மீதியைக் காசாகக் கேட்கலாம்.

கவுன்டரில் நிற்கும் பெண்ணுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். "மேடம்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று அவர் தடுமாறும் நேரத்தில் வாடிக்கையாளர் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போயிருப்பார். உங்கள் மாநிலத்துத் தொகையைச் சின்னச் சீட்டில் எழுதிக் கல்லாவுக்கு உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.

படி 6: கணக்கு

சர்ட்டிஃபிகேட் விற்ற அன்று வந்த 100 டாலர் உங்கள் வருமானம் இல்லை. அது கடன். "கிஃப்ட் சர்ட்டிஃபிகேட் பாக்கி" என்று பொறுப்புப் பக்கத்தில் எழுதுங்கள். ஃபேஷியல் செய்த அன்று 88-ஐ வருமானத்துக்கு மாற்றுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு கடையில் விற்ற அன்றும் வரவு, சேவை செய்த அன்றும் வரவு என்று ஒரு வருடம் முழுக்க எழுதியிருந்தார்கள். லாபம் பிரமாதமாக வந்தது, வங்கியில்தான் பணம் இல்லை. அதைப் பிரித்தெடுக்க எனக்கு மூன்று வார இறுதிகள் போயின.

விற்பனை வரியையும் சர்ட்டிஃபிகேட் விற்கும்போது போட வேண்டாம். அதைப் பயன்படுத்தும் அன்று, எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்துப் போடுங்கள். கலிஃபோர்னியாவில் முடிவெட்டுக்கு விற்பனை வரி இல்லை, அதே ஆள் எடுத்துப்போகும் ஷாம்பூ பாட்டிலுக்கு உண்டு.

படி 7: பில் போடும் மென்பொருள்

காகிதத்தை எவ்வளவு கவனமாக அடித்தாலும், மென்பொருளின் அமைப்புகளில் "ஒரு வருடத்தில் காலாவதி" என்று இருந்தால் எண்ணைத் தட்டும்போது செல்லாது என்றுதான் காட்டும். அந்தக் கட்டத்தைத் திறந்து பாருங்கள். ஒரு டாலருக்குச் சோதனை சர்ட்டிஃபிகேட் போட்டு நீங்களே பயன்படுத்திப் பாருங்கள்.

கடையை விற்கும்போது அல்லது வாங்கும்போது

கலிஃபோர்னியாச் சட்டப்படி சர்ட்டிஃபிகேட்டில் இருக்கும் பணம், வாடிக்கையாளருக்காக நீங்கள் நம்பிக்கையின் பேரில் வைத்திருக்கும் பணம். கடை திவால் மனு போட்டாலும் முன்பு கொடுத்ததை மதித்தாக வேண்டும். ஆகவே கடை கைமாறும்போது நாற்காலி, ஏசி, வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் எண்ணுகிற மாதிரி விற்று இன்னும் பயன்படுத்தப்படாமல் இருக்கும் சர்ட்டிஃபிகேட்டுகளையும் வரிசை எண்ணோடு பட்டியல் எடுத்து, அந்தப் பொறுப்பு யாருடையது என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வாங்குகிறவராக இருந்தால் அந்தத் தொகையை விலையில் கழித்துக் கேளுங்கள்.