பாய் நனைக்கும் பிள்ளையும் நாம் செய்யும் தவறுகளும்

காலையில் ஈர மெத்தையைத் தொட்டுப் பார்த்ததும் "மறுபடியுமா?" என்று கேட்டுவிடுகிறோம். எட்டு வயதுப் பிள்ளையால் அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? நடந்தபோது அவன் தூங்கிக்கொண்டிருந்தான். இதை நாம் மறந்துவிடுவதுதான் மற்ற எல்லாத் தவறுகளுக்கும் ஆரம்பம்.

இரவில் சிறுநீர் குறைவாகச் சுரக்க வாசோபிரெசின் என்ற ஹார்மோன் உதவுகிறது. சில பிள்ளைகளுக்கு அது இரவில் போதுமான அளவு சுரப்பதில்லை. சிலருக்குச் சிறுநீர்ப்பை கொஞ்சமாகத்தான் தாங்கும். இதோடு, பை நிறைந்தாலும் விழிப்பு வராத அளவுக்கு ஆழ்ந்து தூங்குகிறார்கள். ஐந்து வயதில் 100 பிள்ளைகளில் சுமார் 15 பேருக்கு இது உண்டு. ஏழு வயதில்கூட 5 முதல் 10 பேர் வரை இருப்பார்கள். அதாவது 40 பேர் உள்ள இரண்டாம் வகுப்பில் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள்; யாரும் வெளியே சொல்வதில்லை. இது பரம்பரையாகவும் வரும். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சிறுவயதில் இருந்திருந்தால், "எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு, அப்புறம் நின்னுடுச்சு" என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். அந்த முகத்தில் வரும் நிம்மதி வேறு எதிலும் வராது.

சூடு வைப்பேன் என்று மிரட்டுவது, வந்த விருந்தாளியிடம் சொல்வது, "தங்கச்சியே நனைக்கல, உனக்கென்ன?" என்று கேட்பது எதுவுமே உதவாது. பிள்ளை பயந்து ஈரத் துணியை ஒளித்து வைக்கப் பழகும், அவ்வளவுதான். நல்ல எண்ணத்தோடு செய்யும் ஒரு தவறும் உண்டு: "நனைக்காம இருந்தா சைக்கிள் வாங்கித் தரேன்" என்பது. தன் கையில் இல்லாத ஒன்றுக்குப் பந்தயம் வைத்தால் பிள்ளை தினமும் தோற்கும். படுக்கும் முன் மறக்காமல் ஒண்ணுக்குப் போனானா, பகலில் தண்ணீர் குடித்தானா, அதைப் பாராட்டுங்கள். அதெல்லாம் அவனால் முடியும்.

அடுத்தது தண்ணீர். "ஆறு மணிக்கு மேல் தண்ணீர் கிடையாது" என்பதுதான் பல வீடுகளில் முதல் சட்டம். ஆனால் கோளாறு பெரும்பாலும் பகலில் இருக்கிறது. அவசரமாகப் பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளை காலையில் ஒரு வாய்கூடக் குடிப்பதில்லை. கழிப்பறை நாறுகிறது, தாழ்ப்பாள் இல்லை, பாட நேரத்தில் மிஸ் விடமாட்டார் என்று நாள் முழுக்க அடக்கிக்கொள்கிறது. பாட்டில் போனபடியே திரும்பி வருகிறது. மாலை வீட்டுக்கு வந்ததும் தாகத்தில் மடமடவென்று குடிக்கிறது. அதன்மேல் டீ, இரவில் ரசம், படுக்கும்போது ஒரு டம்ளர் பால். ஒரு நாள் முழுக்கச் சேர வேண்டிய நீர் நாலைந்து மணி நேரத்தில் உள்ளே போனால் ராத்திரி என்ன ஆகும்? ஆகவே தண்ணீரை மறுக்காதீர்கள், காலைக்கும் மதியத்துக்கும் நகர்த்துங்கள். கிளம்பும் முன் ஒரு டம்ளர், பள்ளியில் பாட்டில் காலியாக வேண்டும், மாலையில் தாகத்துக்கு மட்டும். டீ, காபி வேண்டாம். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஒண்ணுக்குப் போக விடும்படி வகுப்பு ஆசிரியரிடம் நேரில் பேசுங்கள். இது சலுகை இல்லை, பிள்ளையின் உடல் தேவை.

மலச்சிக்கலை யாருமே இதோடு சேர்த்து யோசிப்பதில்லை. குடலில் இறுகி நிற்கும் மலம் பக்கத்தில் இருக்கும் சிறுநீர்ப்பையை அழுத்தும். மூன்று நாளைக்கு ஒருமுறை கஷ்டப்பட்டுப் போகும் பிள்ளை என்றால் அதை முதலில் சரிசெய்யுங்கள். சிலருக்கு அதுவே பாதி வைத்தியம்.

நள்ளிரவில் அரைத்தூக்கத்தில் தூக்கிக்கொண்டு போய் உட்கார வைத்தால் அன்றைய மெத்தை தப்பிக்கும். ஊருக்குப் போன இடத்தில் அப்படிச் செய்யலாம். ஆனால் பழக்கம் அதனால் மாறாது.

பாய் நனைப்பது நிற்கும் என்று சிலர் எள்ளுருண்டை கொடுக்கச் சொல்வார்கள். அது சத்தானது, தாராளமாகக் கொடுங்கள். ஆனால் அதையும் மந்திரிப்பதையும் நம்பி மருத்துவரைத் தள்ளிப்போடாதீர்கள். ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமல் இருந்த பிள்ளை திடீரென்று ஆரம்பித்தாலோ, பகலிலும் நனைத்தாலோ, சிறுநீர் போகும்போது எரிச்சல் என்றாலோ, தூக்கத்தில் பலமாகக் குறட்டை விட்டாலோ காட்டியே ஆக வேண்டும். ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், எடைக் குறைவு என்றால் அன்றைக்கே சர்க்கரை பார்க்க வேண்டும். மற்றபடி, ஐந்து வயதுக்குக் கீழே இருந்தால் பொறுத்திருக்கலாம்.

ஈரம் பட்டதும் ஒலிக்கும் அலாரம் நல்ல பலன் தரும். இரண்டே வாரத்தில் "இது வேலைக்கு ஆகல" என்று தூக்கி வைத்துவிடுவதுதான் தவறு. இரண்டு மூன்று மாதம் ஆகலாம். பிள்ளை சத்தத்துக்கு எழாது, ஆரம்பத்தில் நீங்கள்தான் எழுந்து எழுப்ப வேண்டும். இரவில் சிறுநீர் சுரப்பதைக் குறைக்கும் டெஸ்மோபிரெசின் மாத்திரையை மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே தர வேண்டும். அதைக் கொடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பிலிருந்து, கொடுத்த பின் எட்டு மணி நேரம் வரை தண்ணீரைக் கட்டுப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் ரத்தத்தில் உப்பின் அளவு ஆபத்தான அளவுக்குக் குறைந்து வலிப்புகூட வரலாம்.

பள்ளிச் சுற்றுலா என்றதும் "எனக்கு வயிறு வலிக்குது, நான் வரல" என்று உங்கள் பிள்ளை சொன்னால், அது வயிற்று வலியாக இல்லாமலும் இருக்கலாம். சில வாரம் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள், அந்த ஓரிரு இரவுக்கு மட்டும் மாத்திரை தர வழி உண்டு. நம்பிக்கையான ஒரே ஒரு ஆசிரியரிடம் சொல்லி வையுங்கள். பையின் அடியில், வெளியே தெரியாத கவரில், மாற்று உடை ஒன்று இருக்கட்டும்.